பல் டாக்டரம்மா வண்டியும் என் சகலையும்

ஒரு நாள் காலையில் என் கருவி அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வரும் ஆறு வகைக் கார்களின் ஃபியூஸ் பெட்டிகளை அதில் யாரோ கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிதாக ஓர் எண், பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்து: ஹாரன், முன்விளக்கு, வைப்பர், விசிறி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஃபியூஸ் மூடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இங்கிலீஷில் அச்சடித்திருப்பது எனக்குப் புரியாது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒவ்வொரு ஃபியூசாகப் பிடுங்கிச் சோதிப்பேன். இருபத்திரண்டு வருடம் இது ஒருத்தருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். அட்டையை ஒட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யார் என்று நான் கேட்கவும் இல்லை. எங்கள் பட்டறையில் அடிக்கோல் இல்லாமல் நேர்கோடு போடத் தெரிந்தவர் ஒருவர்தான். என் சகலை.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வயிற்றெரிச்சல்.

அவர் போய்ச் சேர்ந்து வருடம் ஒன்று ஆகப்போகிறது. அவர் மனைவி, அதாவது என் மனைவியின் தங்கை, "அவரைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மாமா, பிள்ளை பெரியவளாகிப் படிக்கட்டும்" என்று கேட்டாள். நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அவருடைய நல்லது முக்காலும் என் மேல்தான் செலவானது. அது எதற்குச் செலவானது என்று சொல்லாமல் எப்படி எழுதுவது? கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதுகிறேன்.

ஊரில் அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு முனையில் முள், நடுவில் குட்டி விளக்கு, வாலில் நீள ஒயர். மின்சாரம் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற அந்தச் சாதனத்தை அவர் காதில் பென்சில் போலச் செருகியிருப்பார். ஒயர் கழுத்தைச் சுற்றித் தொங்கும். கல்யாண வீட்டுக்கும் ஒரு முறை அப்படியே வந்துவிட்டார். என் மனைவி சொன்ன பிறகுதான் எடுத்துப் பையில் போட்டார்.

பட்டறைக்கு வருவதற்கு முன் மின்விசிறித் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் செம்புக் கம்பிக் காயில் சுற்றினார். அது இழுத்து மூடப்பட்டதும் நான்கு மாதம் வீட்டில் இருந்தார். என் மனைவி தினமும் என் காதருகே தங்கச்சி, தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் முதலாளியிடம் பேசி அவரைப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள். அவர் எதையும் பிடுங்கவில்லை. எல்லாம் தானாக அவர் பக்கம் நகர்ந்து போனது. அதுதான் இன்னும் எரிந்தது. பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மூன்றே வருடத்தில் வண்டிக்காரர்கள் வாசலிலேயே நின்று, "டெஸ்டர் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் கையில் ஸ்பேனரோடு முன்னால் நிற்பேன். என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். மாமியார் வீட்டில் மிக்ஸி ஓடவில்லையா, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையா, சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போன் போகும். ஒரு தடவை மாமியார் விருந்தாளிகள் முன்னால், "பெரிய மாப்பிள்ளை வந்துட்டுப் போனா துண்டுல எண்ணெய் இருக்கும், சின்ன மாப்பிள்ளை வந்துட்டுப் போனா வீட்டுல வெளிச்சம் இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே கையைக் கழுவப் போய், கழுவிக்கொண்டே நின்றேன்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, நேரம். ஏழு மணிக்குப் பட்டறை திறந்தால் எட்டேகாலுக்கு வருவார். இரண்டாவது குறை, பொய். தலை சீவுவது மாதிரி சர்வ சாதாரணமாகப் பொய் சொல்வார். ஒரு நாள் பஸ் பஞ்சர், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்க் குழாய், ஒரு நாள் வழியில் பசுமாடு. பொய்யென்றால் எனக்கு ஆகாது. காலையில் கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, "இன்றைக்கு என் வாயிலிருந்து உண்மை மட்டும் வரட்டும்" என்று வேண்டிக்கொண்டுதான் வேலை தொடங்குவேன். நான் வேண்டி முடித்து ஒரு வண்டி எண்ணெய் மாற்றி முடித்த பிறகு அவர் வந்து பசுமாட்டுக் கதையைச் சொல்வார்.

ஆனால் ஒன்று. அவர் பொய்யால் யாருக்கும் சேதம் வந்ததில்லை. எங்கள் பெயின்ட்காரர் ஒரு கதவுக்கு நிறம் சேராமல் அடித்துவிட்டு முகம் வாடி நின்றபோது, "வெயில்ல நிறுத்திப் பாருங்க, ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். வெயிலில் இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஆனாலும் பெயின்ட்காரர் சிரித்துவிட்டு மறுபடி அடித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் சாவிப் பேச்சு வந்தது.

முதலாளிக்குச் சர்க்கரை. கண் பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது. இனிமேல் மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்றும், காலையில் பட்டறையைத் திறந்து வேலை பிரித்துக் கொடுக்கிற பொறுப்பை ஒருவரிடம் விடப்போகிறேன் என்றும், யார் என்பதை மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றும் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் இடுப்பு வளையத்தில் மூன்று சாவிகள் தொங்கும். ஷட்டருக்கு ஒன்று, உதிரிபாக அறைக்கு ஒன்று, ஆபீஸ் மேசைக்கு ஒன்று. இருபத்திரண்டு வருடமாக ஆறே முக்காலுக்கு வந்து, மூடிய ஷட்டரின் முன்னால் அந்தச் சாவிச் சத்தம் வருகிறதா என்று காத்து நின்றவன் நான். அது எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக அல்ல. அந்த வளையம் என் இடுப்பில் தொங்கியபடி ஒரு தடவை மாமியார் வீட்டுப் படியேற வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதம்தான் பல் டாக்டரம்மா வண்டி வந்தது.

டாக்டரம்மா பன்னிரண்டு வருடமாக என் வாடிக்கை. வேறு யாரையும் வண்டியைத் தொட விடமாட்டார். கார் அவரோடு சேர்ந்து வயதான கார். விற்க மனம் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் இன்னோர் ஊரிலும் வைத்தியம் பார்ப்பார். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். அவ்வளவு நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் முழங்கால் வீங்கிவிடும். அவருக்கு அந்த வண்டியின் குரூஸ் கன்ட்ரோல்தான் கால். வேகம் எண்பதுக்கு வந்ததும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அமுக்கிவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொண்டு ஓடும். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். அந்தப் பிடிப்புதான் இப்போது இல்லை. டாஷ்போர்டில் அதன் பச்சை விளக்கு எரிகிறது. பொத்தானை அமுக்கினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்கு ரெண்டு நாள் போதும் டாக்டரம்மா" என்று சொல்லி வண்டியை வாங்கினேன். மூன்று நாள் ஆனது.

முதல் நாள் ஃபியூஸ். சகலை ஒட்டிய அட்டையில் இந்த வண்டியும் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. வீம்பு. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தன. பிறகு ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பொத்தானைச் சுத்தம் செய்தேன். இரண்டாம் நாள் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சை மாற்றினேன். பிரேக்கை மிதிக்கிறார்கள் என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். பழைய சாமான் கடையில் தேடி, இதே வகை வண்டியிலிருந்து கழற்றிய சுவிட்சாக வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் எஞ்சின் பக்கம் வெடித்திருந்த ஒரு ரப்பர் குழாயை மாற்றினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வெளிவட்டச் சாலைக்கு ஓட்டிப் போவேன். எண்பதில் பொத்தானை அமுக்கிக் காலை எடுப்பேன். முள் எழுபத்தைந்து, எழுபது, அறுபது என்று இறங்கும். மூன்று நாளில் ஏழு தடவை இறங்கியது.

இரண்டாம் நாள் மாலை டாக்டரம்மா பார்க்க வந்தார். கோபப்படவில்லை. "எங்கிட்ட வர்றவங்க எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டா எப்பவும் பக்கத்துப் பல்லைத்தான் காட்டுவாங்க. நீங்க பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டு இருக்கீங்களோ?" என்றார். பட்டறையே சிரித்தது. சகலை மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார், கேட்கவில்லை போலும் என்று அப்போது நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, கரண்டு விஷயம் மாதிரி இருக்கிறது, டெஸ்டரிடம் கொடு என்றார். கொடு என்று சொன்னபோது அவர் விரல் வளையத்தில் இருந்த சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் தெரிந்தது.

மறுநாள் எட்டேகாலுக்குச் சகலை வந்தார். அன்றைக்குக் காரணம், பூட்டிய வீட்டுக்குள் கத்திய ஒரு பூனை. வந்தவர் வண்டியைத் தொடவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கடைசியாக என்றைக்கு வேலை செய்தது என்று விசாரித்தார். எங்களிடம் சர்வீசுக்கு விடும் முன் நன்றாக இருந்தது, அதற்கு அடுத்த வாரம் வெளியூர் கிளம்பும்போதுதான் பிடிக்கவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அந்த சர்வீஸ்ல எண்ணெய், ஃபில்டர் போக வேற ஏதாச்சும் மாத்தினீங்களா?"

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சர்வீசின்போது, பிரேக் விளக்கு மங்கலாக இருக்கிறது, பின்னால் லாரிக்காரன் இடிக்கப் பார்த்தான் என்று டாக்டரம்மா குறைப்பட்டிருந்தார். நான் என் கைக்காசில் புது மாதிரி எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டிக் கொடுத்தேன். பளிச்சென்று இருந்தது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். பின்விளக்குக்கும் வேகத்தைப் பிடிக்கிற பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அது பொய். சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு ஒரு நூல் முனைகூட என் கையிலிருந்து போகக் கூடாது என்று இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, காலை சீட்டின் மேல் போட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுப்பாகப் பாடியபடி ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். நான் பக்கத்து வண்டியில் சக்கரம் கழற்றுவது போல நின்றேன். ஒரே நட்டை மூன்று தடவை கழற்றி மூன்று தடவை மாட்டினேன். மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டேன். எதற்குத் தெரியுமா? அவருக்கு அது அகப்படக் கூடாது என்று. காலையில் உண்மையைக் கேட்டு வேண்டிய அதே வாயால், ஒரு பெண்பிள்ளையின் முழங்கால் வீங்கினாலும் பரவாயில்லை, இவருக்கு அகப்படக் கூடாது என்று வேண்டினேன். அப்படி ஒரு வேண்டுதலைக் கேட்கக் கடவுளுக்கும் கூசியிருக்கும்.

அரை மணியில் பாட்டு நின்றது. எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். டிக்கியைத் திறந்து, பின்விளக்கைக் கழற்றி, பல்பை வெளியே எடுத்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எதை மாட்டினாலும் அதன் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் தேதி எழுதி, கீழே ஒரு சின்னக் கோடு போடுவேன். முதலாளி ஆதியில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. பட்டறையில் தேதி எழுதும் கை என் கை ஒன்றுதான். சகலை அந்தப் பல்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். சர்வீஸ் நடந்த தேதி. கீழே கோடு. என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பல்பையும் கட்டைவிரலால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் பெட்டியிலிருந்து பழைய மாதிரி இழை உள்ள பல்பு இரண்டு எடுத்து மாட்டினார்.

பிறகொரு நாள் நான் கேட்காமலே விளக்கிச் சொன்னார். அந்தக் காலத்து வண்டியில் வேகத்தைப் பிடிக்கும் பெட்டிக்கு ஒரு சந்தேகக் குணம். பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரை அது எந்நேரமும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பல்பின் இழை வழியாக எர்த் தட்டுப்பட்டால், பின்னால் விளக்கு ஒழுங்காக இருக்கிறது என்று நம்பும். நம்பினால்தான் வேகத்தைப் பிடிக்கும். எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. ஒயர் அந்தரத்தில் தொங்கும். விளக்கு என்னவோ பளிச்சென்று எரியும், ஆனால் பெட்டி நம்பாது. அதாவது, டாக்டரம்மாவின் காலைப் பிடுங்கிக்கொண்டது நான் அன்போடு மாட்டிக் கொடுத்த வெளிச்சம்தான்.

அன்றைக்கு வண்டிச் சாவியை என்னிடம் நீட்டி, "நீங்க ஓட்டுங்க அண்ணே, உங்க வண்டி" என்றார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிவட்டச் சாலையில் எண்பது வந்தது. பொத்தானை அமுக்கினேன். காலை எடுப்பதற்குள் இன்னொரு தடவை அந்த வேண்டுதல் வந்தது. பிடிக்கக் கூடாது. காலை எடுத்தேன். முள் அசையவில்லை. எண்பது. மேம்பாலம் வந்தது. ஏற்றத்தில் யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் பதமாக மிதிப்பது போல எஞ்சின் கொஞ்சம் முனகி, அதே எண்பதில் ஏறி, அதே எண்பதில் இறங்கியது. என் கால் தரையில் வேலையில்லாமல் கிடந்தது. சகலை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, காற்று நன்றாக இருக்கிறது என்றார்.

மத்தியானம் முதலாளி வந்து என்ன கோளாறு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"பெடல் பக்கம் ஒரு ஒயர் உள்ளுக்குள்ளயே அறுந்திருந்துச்சு முதலாளி. வெளிய பார்த்தா தெரியாது. அண்ணன் சுவிட்ச், குழாய் எல்லாம் மாத்தி முக்காவாசி முடிச்சுட்டார். நான் ஒட்டு மட்டும்தான் போட்டேன்."

டாக்டரம்மாவிடம், அந்தப் புது விளக்கு பின்னால் வருகிறவர்கள் கண்ணைக் கூசவைக்கும், அதனால் பழைய மாதிரியில் நல்ல வெளிச்சமாகப் பார்த்து மாட்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். டாக்டரம்மா போகும்போது எனக்குத்தான் நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் சாவி எனக்கு வந்தது. எல்லார் முன்னாலும் முதலாளி வளையத்தைக் கழற்றிக் கொடுத்தார். பெயின்ட்காரர் கை தட்டினார். சகலை எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். வீட்டில் மனைவிக்கு வாயெல்லாம் பல். அந்த ஞாயிற்றுக்கிழமையே வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு மாமியார் வீட்டுப் படியேறினேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, நடந்தா சத்தம் வருது" என்றார். அவ்வளவுதான். உள்ளே சகலை குக்கர் விசிலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எரிச்சல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறியது. முன்பு அவர் கைத்திறனைப் பார்த்து எரிந்தேன். இப்போது அவர் குணத்தைப் பார்த்து எரிந்தேன். கைத்திறனாவது பழகினால் வரும். என்னைக் கண்டுபிடித்துவிட்டு, காட்டிக்கொடுக்காமல், தனக்காகக் கை தட்டுவது போல எனக்காகத் தட்டினாரே, அதற்கு நான் எங்கே போய்ப் பழகுவது? தினமும் சாமி கும்பிடுகிறவன் நான். பசுமாட்டுக் கதை சொல்கிறவர் அவர். கடவுள் நல்ல குணத்தைக் கொண்டுபோய் யாரிடம் வைத்திருக்கிறார் பாருங்கள் என்று இருந்தது. ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம், இது அவர் போட்ட பிச்சை என்று ஒரு குரல் உள்ளே கேட்டது.

பன்னிரண்டு நாள் தாங்கினேன். பதின்மூன்றாம் நாள் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு நான் மாட்டியது, கேட்டபோது மறைத்தது, சகலை எனக்காகப் பொய் சொன்னது. நேர்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரிடம் கடன்பட்டிருக்க முடியவில்லை, அதனால் சொன்னேன். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இப்ப சாவிய நான் திருப்பி வாங்கிக்கணுமா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் போனேன். "வேணாம்" என்று வந்தது.

"அப்ப வச்சுக்கோ. பொய் சொன்னவனும் என் ஆளுதான், மறைச்சவனும் என் ஆளுதான். யாரைன்னு துரத்துறது? போய் வேலையப் பாரு."

அதற்கு அடுத்த மாதம் சகலைக்கு மின்சாரப் பேருந்துகளைப் பராமரிக்கும் பெரிய பணிமனையில் வேலை கிடைத்தது. ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். முதலில் தான் மட்டும் போவது, வீடு பார்த்தபின் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். பட்டறையில் இருந்த அவர் கருவிப் பெட்டியை நான் சுமந்து போனேன். ஆச்சரியமாக, அன்றைக்கு அவர் துணிப்பையோடு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று பயந்து நேற்று இரவு முதல் இங்கேயே இருக்கிறேன் என்றார். அதுவும் பொய்தான். சட்டை அப்போதுதான் இஸ்திரி போட்டிருந்தது.

அங்கே போய் எட்டு மாதம்தான் இருந்தார். குடும்பத்தையும் கூட்டிப்போய்விட்டார். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதனால் பேருந்து நிலையத்தில் பார்த்ததுதான் கடைசி.

பஸ் வந்து நின்று, பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, அவர் படியில் ஒரு காலை வைத்தபோது நான் அவர் கையைப் பிடித்தேன். இத்தனை நாள் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நீங்க கேட்டபோது பல்பு எனக்கு ஞாபகம் இருந்தது சகலை, மறந்து சொல்லாமல் விடவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, நீங்க தோற்கணும்னு சாமிகிட்ட வேறு வேண்டினேன், நீங்க என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்க, அதை நான் எப்படித் தீர்ப்பேன் என்று கேட்டேன். கண்டக்டர் விசில் ஊதினார். அவர் சிரித்தார். காதில் இருந்த டெஸ்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என் கை மேல் தன் கையை வைத்தார்.

"தெரியும் அண்ணே. ஒண்ணுமில்லன்னு சொன்னப்பவே காதைச் சொறிஞ்சீங்க. பொய் சொல்லிப் பழகாதவங்களுக்கு அது வரும். ஆனா உங்களக் காப்பாத்த நான் பொய் சொல்லல. உண்மையச் சொல்லியிருந்தா முதலாளி அந்தச் சாவிய என் தலையில கட்டியிருப்பார். தினம் காலையில ஏழு மணிக்கு எவன் எந்திரிச்சு வந்து ஷட்டரத் தூக்குறது? நீங்களே தூக்குங்க."